சைக்கிள் ஸ்டாண்டுச் சுவரும் ‘திருப்பிச் சொல்லு’ மேடமும்

கவுன்டருக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

போன மாதம் நம் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, ‘புதுசா சேர்ந்தவங்ககிட்ட நாலு வார்த்தை பேசுங்கக்கா’ என்று என் பக்கம் மைக்கை நீட்டினீர்கள். நான் மைக்கைப் பார்த்தேன்.  ‘எல்லாரும் நல்லா இருங்க’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். நீங்கள் கைதட்டியது என் மேல் இருந்த இரக்கத்தால் என்று எனக்குத் தெரியும்.

கம்பி போட்ட அந்தக் கவுன்டர் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தால்தான் எனக்குப் பேச்சு வரும். கண்ணில் கோளாறு வந்து, வயது இருக்கும்போதே ஓய்வு வாங்கிக்கொண்ட பிறகு அந்தக் கம்பியும் போய்விட்டது. அதனால் எழுதித் தருகிறேன். பத்தாவது வரை படித்தவள் எழுதுவது இது. அதற்கேற்ற மாதிரி படித்துக்கொள்ளுங்கள்.

ரசீது போடுவது, சான்றிதழ் சரிபார்ப்பது, எந்தக் காகிதத்துக்கு எந்த முத்திரை என்பதெல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்குப் பழகிவிடும். அதை நான் எழுதப் போவதில்லை. பழகாத விஷயம் ஒன்று உண்டு. பதிவு நாள் அன்று, பின்னால் நூறு பேர் தள்ளிக்கொண்டிருக்க, ஒரு முகம் கம்பியில் ஒட்டிக்கொண்டு கேட்கும்: “அக்கா, எந்த சார் நல்லா நடத்துவாரு?”

இந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

நம்முடையது மாலைக் கல்லூரி. பகலில் மணலியிலும் எண்ணூரிலும் துறைமுகத்திலும் வேலை செய்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்காரும் பிள்ளைகள். தன் சம்பளத்தில் தானே கட்டணம் கட்டிப் படிக்கிறவனுக்கு, யாரிடம் படிப்பது என்று முடிவு செய்யும் உரிமையும் இருக்க வேண்டும் என்று பழைய முதல்வர் ஒருவர் நினைத்தார். அதனால் ஒரே பாடத்துக்கு இரண்டு பிரிவு இருந்தால், எந்தப் பிரிவு வேண்டும் என்று கவுன்டரில் வந்து பெயர் கொடுக்கலாம். தோற்ற பாடத்தை அரியராக வைத்திருப்பவர்களும் விருப்பப்பட்டால் மறுபடி வகுப்பில் உட்காரலாம். வேறு கல்லூரிக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்கோ ஜூன் மாதம் வந்தாலே அந்தப் பதிவு நாளை நினைத்து ஒரு குறுகுறுப்பு. புதுப்படம் வெளியாகும் தியேட்டரில் டிக்கெட் கொடுப்பவளுக்கு இருக்குமே, அந்த மாதிரி.

அப்போது எங்கள் அலுவலகத்துக்குத் தலைவராக இருந்தவரை சூப்பிரண்டு சார் என்போம். தென்மாவட்டத்துக்காரர். அவருடைய அண்ணன் தம்பிகளெல்லாம் மண்ணடியில் கடை வைத்திருக்க, இவர் மட்டும் கல்லூரி வேலைக்கு வந்துவிட்டார். நான் சேர்ந்த அன்று அவர் சொன்னது இதுதான்: “இந்தாம்மா, கவுன்டர்ல இருக்கவளுக்குக் கை உண்டு, காது உண்டு. வாத்தியார் நல்லவரா கெட்டவரான்னு சொல்ல மட்டும் வாய் கிடையாது. பாத்துக்கிடு.”

எனக்கு ஏற்கெனவே வாய் கிடையாது என்பது அவருக்குத் தெரியாது. யாராவது எதையாவது கேட்டால் தலையைக் குனிந்துகொள்வது என் வழக்கம். முதல் வருடப் பதிவு நாளில் ஒரு பையன், “வரலாறு சார் எப்டிக்கா?” என்றான். நான் தலையைக் குனிந்தேன். அவன் வரிசைக்குப் பின்னால் திரும்பி, “அக்காவே தலய தொங்கப் போட்டுச்சி மாமு. அந்தாளு வேணாம்” என்றான். வரிசை முழுக்க அடுத்த பிரிவுக்குப் பெயர் கொடுத்தது. சூப்பிரண்டு சார் வந்து, “வாயத் தொறக்காமலே ஒரு வகுப்பக் காலி பண்ணிட்டியேம்மா” என்றார். அன்றிலிருந்து யார் எந்த ஆசிரியரைப் பற்றிக் கேட்டாலும் எதிர்ச்சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்ப்பேன். நாட்காட்டிக்கு ஆசிரியர்களைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லை.

நான் சொல்லாவிட்டால் என்ன? சொல்வதற்கு ஒரு சுவர் இருந்தது.

துறைமுகப் பக்கமிருந்து காற்று அடிக்கும் நாட்களில் நம் பக்கமெல்லாம் கரித்தூள் வந்து படியும். அது உங்களுக்கே தெரியும். துணி காயப்போட்டவர்களுக்கு அது எரிச்சல். எங்கள் மாணவர்களுக்கு அது எழுதும் பலகை. சைக்கிள் ஸ்டாண்டின் பின்சுவர் நீளமாக, சுண்ணாம்பு அடித்து இருந்தது. அதன் மேல் கரி படிந்து மெழுகிய மாதிரி இருக்கும். விரலால் எழுதினால் கரி விலகி, அடியில் இருக்கும் வெள்ளை எழுத்தாகத் தெரியும். சைக்கிளை நிறுத்த வருகிறவன் ஒரு வரி எழுதுவான். எடுக்க வருகிறவன் அதற்குக் கீழே ஒரு வரி எழுதுவான். எல்லாம் ஆசிரியர்களைப் பற்றித்தான். இரண்டு மூன்று வாரத்தில் புதுக் கரி படிந்து எழுத்து மங்கிவிடும். அப்படியும் அதே கருத்து இருப்பவன் மறுபடி வந்து எழுதுவான்.

சுவரில் கெட்ட வார்த்தை எழுதக் கூடாது என்பது அவர்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. மீறினால் அடுத்தவன் உள்ளங்கையால் அழித்துவிட்டு, “கலீஜா எழுதாத நைனா” என்று பக்கத்தில் எழுதிவிட்டுப் போவான்.

நான் சொல்லப் போகும் வருடத்தில் வணிகப் புள்ளியியல் பாடத்துக்கு இரண்டு பிரிவு. முதல் பிரிவு எடுத்தவரைப் பிள்ளைகள் ‘கலாட்டா சார்’ என்பார்கள். ராயபுரத்துக்காரர். வகுப்பு நடந்தால் சிரிப்புச் சத்தம் அலுவலகம் வரை கேட்கும். இரண்டாவது பிரிவு எடுத்தவர் தற்காலிகமாக வந்துகொண்டிருந்த ஒரு மேடம். பொன்னேரி பக்கமிருந்து ரயிலில் வருவார். எதைச் சொன்னாலும் “திருப்பிச் சொல்லு” என்பார். அதனால் அவர் பெயரே ‘திருப்பிச் சொல்லு’ மேடம் ஆகிவிட்டது.

பதிவு நாளுக்கு முதல் நாள் சுவர் எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கலாட்டா சாருக்குக் கீழே: “சூப்பர்.” “சிரிச்சே செத்தோம்.” “சார் கிளாஸ் படத்துக்குப் போன மாதிரி.” மேடத்துக்குக் கீழே: “பேஜாரு.” “கேட்டதையே கேக்கும்.” “மூணு தபா போர்டுக்குக் கூப்டும்.” எல்லாவற்றுக்கும் மேலே, கொட்டை எழுத்தில்: “இந்த மேடம் கிளாஸ்ல ஒக்காந்தா கம்பெனி பஸ் போய்டும்.”

பதிவு நாள் அன்று மாலை கவுன்டரைத் திறப்பதற்கு முன்பே இரண்டு செய்தி வந்தது. மறுநாள் பல்கலைக்கழகத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள், அதனால் சைக்கிள் ஸ்டாண்டுச் சுவரைக் கழுவிவிட வேண்டும். இது முதல் செய்தி. இரண்டாவது, எந்தப் பிரிவிலாவது இருபது பேர் சேராவிட்டால் அந்தப் பிரிவை மூடிவிட்டு, எல்லோரையும் ஒரே வகுப்பில் போட்டுவிட வேண்டும். கவுன்டர் மூடும் மணி அடிக்கும்போது இருக்கும் எண்ணிக்கைதான் கணக்கு.

சுவர் விஷயத்தை வாட்ச்மேனிடம் சொன்னேன். “தண்ணி வந்ததும் அடிச்சி வுட்டுடறேங்க்கா” என்றார். மோட்டார் போட்டுத் தொட்டி நிறைய வேண்டும். அதுவரை சுவர் பிழைத்திருந்தது.

ஜன்னலைத் திறந்ததும் கூட்டம் வந்து மோதியது. இன்றைக்கும் அந்தச் சத்தத்தை நினைத்தால் என் கை பரபரக்கிறது. “கலாட்டா சார்.” “எனுக்கும் சார்.” “அக்கா, எனுக்கும் என் தோஸ்துக்கும் சேத்து சார் கிளாஸு.” நான் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தேன். அப்போது கூட்டத்தின் ஓரமாக ஒரு கை உள்ளே வந்தது. விரல் நுனியில் நீலச் சாக்கட்டி.

“அக்கா, எனுக்கு மேடம் கிளாஸு.”

நிமிர்ந்து பார்த்தேன். தேன்மொழி. வியாசர்பாடி குடியிருப்புப் பெண். பி.காம். படித்துக்கொண்டே துணி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் தையல் முடிந்த சட்டைகளைப் பார்த்து, பிசகு இருக்கும் இடத்தில் சாக்கட்டியால் குறி போடும் வேலை செய்துகொண்டிருந்தாள். போன வருடம் இதே பாடத்தைக் கலாட்டா சாரிடம் படித்துத் தோற்றவள். அரியர் எழுதி இன்னொரு முறையும் தோற்றவள்.

“சுவத்தப் பாத்தியா?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான், எனக்கு வாய் கிடையாது என்பது நினைவுக்கு வந்தது. அவசரமாக நாட்காட்டியைப் பார்த்தேன்.

“பாத்துட்டுத்தான்க்கா வரேன். மூணு தபா போர்டுக்குக் கூப்டும்னு எழுதிகீறாங்க. எனுக்கு அதான் வேணும். ஒரு தபா சொன்னா எனுக்கு ஏறாது.”

“பயமா இல்லியா?”

“சார் கிளாஸ்ல போன வருசம் நானும் நல்லாத்தான் சிரிச்சேன். பரீட்ச பேப்பர் வந்துச்சி. சிரிப்பு நாபகம் வந்துச்சி, கணக்கு வரல.” பிறகு கம்பிக்கு நெருங்கி, குரலைத் தாழ்த்தினாள். “எங்க கம்பெனில ஸ்டாக் எழுதறவரு வேலைய வுட்டுப் போறாரு. இந்தப் பேப்பர் முடிச்சிட்டு வா, அந்த சேர் உனுக்குத்தான்னு மேனேஜர் சொல்லிகீறாரு. இப்ப நானு நாளெல்லாம் ஸ்டூல்ல. அதுக்கு முதுகே கெடயாது. இந்தத் தபாவும் போச்சின்னா வேற ஆளப் போட்ருவாங்க.”

அவள் பெயரை இரண்டாவது பிரிவில் எழுதினேன்.  அத்தனை பேரும் படித்து ஓடிவந்த அதே வரியைப் படித்துவிட்டு இவள் அதை நோக்கிப் போகிறாள். திட்டி எழுதியதற்குள் தனக்கு வேண்டியது இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். எத்தனையோ முறை அந்தச் சுவரைக் கடந்து போயிருக்கிறேன். அதை அப்படிப் படிக்க எனக்குத் தோன்றியதே இல்லை.

கூட்டம் கொஞ்சம் தணிந்தபோது சூப்பிரண்டு சார் வந்து எட்டிப் பார்த்தார். “இந்தம்மா பிரிவுல எத்தன?”

“ஏழு சார்.”

“ஏழுக்கா ஒரு வகுப்பு? மணி அடிச்சதும் மூடிருவோம். அந்தம்மாவுக்கு நான் சொல்லிக்கிடுதேன்.” அவருக்கும் அது பிடிக்கவில்லை என்பது அவர் குரலில் தெரிந்தது. “செவுரு கழுவியாச்சா?”

“இன்னும் தண்ணி வரல சார்.”

அவர் போய்விட்டார். என்னால் உட்காரவே முடியவில்லை. மேடம் பிரிவை மூடினால் தேன்மொழி மறுபடி அந்தப் பெரிய வகுப்பில், நூறு பேருக்கு நடுவில் போய் உட்கார வேண்டும். அங்கே யாரும் அவளை ஒரு முறைகூடப் பலகைக்குக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட நேரம் இருக்காது. நாற்காலி போயிற்று.

என்ன செய்வது? மேடம் நல்லவர், போய்ச் சேருங்கள் என்று நான் சொல்லக் கூடாது. சொல்வது நியாயமும் இல்லை. கலாட்டா சாரிடம் படித்துத் தேறியவர்களும் நிறையப் பேர் உண்டு. அந்த இடத்தில்தான் எனக்கு அது பளிச்சென்று தெரிந்தது. சுவரில் எழுதியிருப்பது பொய் இல்லை. பாதிதான் எழுதியிருக்கிறது. எழுதியவன் யார் என்பது இல்லை. அவன் எந்த வேலைக்குப் போகிறவன், கடைசியில் தேறினானா தோற்றானா என்பதும் இல்லை. கம்பெனி பஸ் போய்விடும் என்று எழுதியவனுக்கு ஒரு கம்பெனி பஸ் இருக்கிறது. பஸ்ஸே இல்லாதவன் எதற்காக அதைப் படித்துப் பயப்பட வேண்டும்?

ஜன்னலை மூடிவிட்டு வெளியே வந்தேன். பதிவு நாளில் நான் கம்பிக்கு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை.

சைக்கிள் ஸ்டாண்டில் வாட்ச்மேன் கையில் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். “தண்ணி வந்திடுச்சிக்கா. அடிக்கலாமா?”

“கொஞ்சம் இருங்க” என்றேன்.

மூன்றாம் வருட மாணவர்கள் ஒரு பத்துப் பதினைந்து பேர் சைக்கிள்கள் மேல் உட்கார்ந்து அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். புதியவர்கள் சுவரைப் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் தொண்டையைச் செருமினேன். ஒருவரும் திரும்பவில்லை. இன்னொரு முறை செருமினேன்.

“அக்காக்கு இருமல்டா. தண்ணி குடு” என்றான் ஒருவன்.

“இத யாரு எழுதினது?” கம்பெனி பஸ் வரியைக் காட்டிக் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“அக்கா வாய்ல இன்னா கொழுக்கட்டையா? சத்தமா கேளுக்கா.”

அடிவயிற்றிலிருந்து கத்தினேன். “இத எழுதினது யாரு?”

எல்லோரும் திரும்பினார்கள். “அக்கா பேசுது மாமு” என்று யாரோ முணுமுணுத்தான். சைக்கிள் மேலிருந்து ஒருவன் இறங்கினான். டேவிட். ராயபுரத்தில் மீன்பிடிக் குடும்பத்துப் பையன். மணலியில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. “நான்தான்க்கா. பொய் ஒண்ணும் எழுதல. மணி அடிச்சாலும் மேடம் வுடாது. சுங்கச்சாவடில என் பஸ்ஸு நிக்கவே நிக்காது. ரெண்டு நாள் சம்பளம் போச்சி.”

“அதுல தேறினியா, தோத்தியா?”

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். “தோக்கறதா? மொத தபாலயே பாஸு. அது வுட்டாத்தான தோக்கறதுக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டான்.

“அதையும் எழுது” என்றேன். “பஸ்ஸு போனதும் நெசம், பாஸானதும் நெசம். ரெண்டையும் எழுது. நைட் ஷிப்டுன்னும் எழுது. படிக்கிறவங்க அவங்கவங்களுக்கு எது ஒத்து வரும்னு பாத்துக்கட்டும்.”

டேவிட் சுவரைப் பார்த்தான். நாங்கள் எல்லோரும் அவனைப் பார்த்தோம். பிறகு அவன் ஆள்காட்டி விரலை நீட்டி, தன் வரிக்குக் கீழே எழுதினான்: “நான் நைட் ஷிப்டு. ரெண்டு தபா பஸ்ஸு போச்சி. மொத தபாலயே பாஸ்.”

அதைப் பார்த்த அடுத்தவன், “தள்ளு, நானும் எழுதறேன்” என்று வந்தான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஒரு சுவருக்கு முன்னால் அத்தனை விரல்களை நான் பார்த்ததில்லை. “மூணு தபா போர்டுக்குக் கூப்டும்” என்று எழுதியிருந்த பெண் கீழே எழுதினாள்: “மானம் போச்சி. கணக்கு வந்துச்சி.” இன்னொருவன்: “எனுக்கு முன்னாடியே கணக்குத் தெரியும். மேடம் கிளாஸ்ல தூக்கம் வந்துச்சி. தெரிஞ்சவன் போவாத.” கலாட்டா சார் பக்கமும் விரல்கள் ஓடின. “கணக்குன்னாலே ஓடுவேன். சார்தான் ஒக்கார வெச்சாரு. பாஸ்.” அதற்குப் பக்கத்தில்: “நல்லா சிரிச்சோம். பெயிலு.” அதற்குக் கீழேயே வேறொரு கையெழுத்தில்: “நானும்.”

புதியவர்கள் முட்டிமோதிக்கொண்டு படித்தார்கள். “நீ கணக்குல எப்டி?” என்று ஒருவனை ஒருவன் கேட்க ஆரம்பித்தார்கள். இத்தனை நாள் அவர்கள் ஆசிரியர் எப்படி என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 

“அக்கா, தண்ணி அடிக்கவா வேணாவா? பைப்பப் புடிச்சிகினே நிக்கிறேன்” என்றார் வாட்ச்மேன்.

“கவுன்டரப் பூட்டிட்டு இங்க என்னம்மா செய்தே?” பின்னாலிருந்து சூப்பிரண்டு சார் குரல்.

 திரும்பி நின்று சொன்னேன். “யாரையும் நல்லவர்னு சொல்லல சார், கெட்டவர்னும் சொல்லல. பாதி எழுதினவங்கள முழுசா எழுதச் சொன்னேன். கவுன்டர் மூடற வரைக்கும் சுவரு இருக்கட்டும் சார். மணி அடிச்சதும் நானே நின்னு கழுவ வெக்கறேன்.”

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சுவரை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை படித்தார். நடுவில் ஓர் இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். “வாய் கிடையாதுன்னுதான் சொன்னேன்” என்றார் கடைசியில். “காது உண்டுன்னும் நாந்தானே சொன்னேன். போ, போய்க் கவுன்டரத் தொற.” வாட்ச்மேனைப் பார்த்து, “ஏய், அந்தக் குழாயக் கீழ போடுடே” என்றார்.

ஓடினேன். சேலை தடுக்க, உண்மையாகவே ஓடினேன். ஜன்னலைத் திறப்பதற்குள் வரிசை சேர்ந்துவிட்டது. இப்போது ஒவ்வொருவரும் யோசித்துப் பெயர் கொடுத்தார்கள். “எனுக்கு பகல் வேலதான்க்கா, லேட்டானா பரவால்ல, மேடம்.” “எனுக்குக் கணக்கு வரும், சார்.” “மாத்திக்கலாமாக்கா? சார்லேர்ந்து மேடத்துக்கு?” எட்டு, பத்து, பதிமூன்று. தேன்மொழி தூணில் சாய்ந்து நின்று என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. பதினாறு. பதினேழு. அதோடு நின்றது. மணி அடிக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

அப்போது சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் திடீரென்று சத்தம் நின்றுபோனது. கலாட்டா சார் அங்கே போயிருந்தார். ரயிலில் வந்து முன்வாசல் வழியாகப் போகிறவர். சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் அவர் வந்ததே இல்லை. தன் பெயருக்குக் கீழே எழுதியிருந்ததையெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படித்தார். ‘நல்லா சிரிச்சோம். பெயிலு. நானும்’ என்ற இடத்தில் நின்றுவிட்டார் என்று டேவிட் பிறகு சொன்னான்.

“இன்னாங்கடா இது” என்றாராம். “இவ்ளோ நாளா எல்லாம் மூஞ்சிக்கு நேரா சூப்பர் சார், சூப்பர் சார்னுகினு இருந்தீங்க. இத ஒருத்தனும் சொல்லலியே.”

 அவரே தொடர்ந்தார். “சரி வுடு. எங்கிட்ட அரியர் வெச்சவன்லாம் யாரு? கை தூக்கு. சும்மா தூக்குடா, அடிக்க மாட்டேன்.” கைகள் மெதுவாக உயர்ந்தன. “நீங்கள்லாம் எனுக்காக மறுபடியும் எங்கிட்டயே வரீங்க, தெரியும். இந்தத் தபா அந்தப் பக்கம் போங்க. எங்கிட்ட சிரிச்சாச்சி, அந்தம்மாகிட்ட படிங்க. பாஸாயிட்டு வந்து மறுபடியும் சிரிக்கலாம்.”

ஜன்னலில் ஆறு பேர் ஒன்றாக வந்து விழுந்தார்கள். கடைசிப் பெயரை எழுதி முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. தூணருகே நின்ற தேன்மொழி என் பேனா நிற்பதைப் பார்த்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, பிறகு எடுத்தாள். கன்னத்தில் நீலச் சாக்கட்டி ஒட்டியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மேடம் ஜன்னலுக்கு வந்தார். கைப்பையைத் தோளில் மாட்டி, ஊருக்குக் கிளம்பத் தயாராக இருந்தார். அவர் காதுக்கு ஏற்கெனவே செய்தி போயிருந்தது போல. “என் பிரிவுல எத்தனை பேரும்மா?”

“இருபத்து மூணு மேடம்.”

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். “திருப்பிச் சொல்லும்மா” என்றார்.

திருப்பிச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

அன்று மாலையே நானும் வாட்ச்மேனும் சுவரைக் கழுவிவிட்டோம். கரி கரைந்து தரையெல்லாம் ஓடியது. மறுநாள் வந்தவர்கள் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு, கல்லூரி சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காற்று சும்மா இருக்குமா? அடுத்த பதிவு நாளுக்குள் சுவர் பழையபடி தயாராகிவிட்டது. அந்த வருடத்திலிருந்து, எழுதுகிறவர்கள் தங்கள் ஷிப்டையும் முடிவையும் சேர்த்து எழுதுவது பழக்கமாகிவிட்டது. வெறும் “சூப்பர்” என்று எவனாவது எழுதினால், “யாருக்கு?” என்று கீழே ஒருவன் எழுதிவிடுவான்.

இப்போது அந்தச் சுவருக்கு எண்ணெய்ப் பெயின்ட் அடித்துவிட்டார்கள், விரல் வழுக்குகிறது. பிள்ளைகள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஆசிரியர்களுக்கு ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போடுகிறார்களாம். அதைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு வந்து உங்கள் ஜன்னலில் நீட்டி, “இந்த மேடத்துக்கு ரெண்டுதான் போட்டிருக்காங்க, வேணாமாக்கா?” என்று கேட்பார்கள். அந்த மார்க்கைப் பொய் என்று சொல்லாதீர்கள். சரி என்றும் சொல்லாதீர்கள். மார்க்குக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது, யார் எழுதியிருக்கிறார்கள் என்று அவர்களையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு நாட்காட்டியைப் பாருங்கள். அது இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது.

தேர்வு முடிவு வந்த அன்று, அறிவிப்புப் பலகையை மொய்த்த கூட்டத்தில் தேன்மொழியைத் தேடினேன். இல்லை. என் கண்ணில் படாமல் போய்விட்டாளோ, தோற்றுவிட்டாளோ என்று எனக்குக் கை ஓடவில்லை. வாட்ச்மேன் வந்து, “அந்த வியாசர்பாடி பொண்ணு செவுத்துல எழுதிகினு கீது” என்றார். ஜன்னலை அப்படியே விட்டுவிட்டுப் போனேன். கம்பிக்கு வெளியே வருவது எனக்கு அப்போது ஓரளவு பழகியிருந்தது.

விரல் நுனி கரியாக, எட்டி நின்று தான் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“திருப்பிச் சொல்லு மேடம். நான் ஏற்கெனவே ரெண்டு தபா பெயிலு. இங்க போர்டுக்கு எத்தினி தபா போனேன்னு கணக்கே இல்ல. ஒரு தபா அழுதேன். பாஸ். நைட் ஷிப்டு ஆளுங்க கதவாண்ட ஒக்காருங்க, மேடம்கிட்ட மொதல்லயே சொல்லிட்டா வுட்டுடும்.”

“வுட்டுடுமா?” என்றேன்.

“இன்னிக்குக் கேட்டேன்க்கா. ‘பஸ்ஸுன்னு எங்கிட்ட ஒருத்தரும் சொல்லவே இல்லியே’ன்னாங்க.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கேட்க நினைத்ததைக் கேட்டேன். “சேர்?”

“திங்கக்கெழமலேர்ந்து.”

“சுத்தற சேரா?”

தேன்மொழி கரி விரலைத் தாவணியில் துடைத்துக்கொண்டாள். “சுத்தாதுக்கா” என்றாள். “ஆனா முதுகு கீது. சாஞ்சிக்கலாம்.”